செய்நிரலுக்குள் தங்கிவிடும் கோப்புறைப் பெயர்: கம்பைலரின் பாதைப் பதிவைக் கட்டுப்படுத்த ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பு மாவட்டத்துப் படுவான்கரையில் உள்ள ஓர் அரிசி ஆலைக்கு எடைக் கணக்குச் செய்நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தேன். நெல் வண்டி வந்ததும் மூட்டைகளின் எடையையும் ஈரப்பதத்தையும் பதிந்து, விவசாயிக்குத் துண்டு அச்சிட்டுக் கொடுக்கும் சிறிய வேலை அது. பெரும்போக அறுவடை உச்சத்தில் இருந்த ஒரு நாள் அது நடுவழியில் நின்றுவிட்டது. ஆலைக்காரர் தொலைபேசியில் அழைத்து, திரையில் இருந்த பிழைச் செய்தியை எழுத்தெழுத்தாக வாசித்தார். அந்த வரியில் என் பெயர் இருந்தது. என் கணினியின் கோப்புறைகள் ஒவ்வொன்றும் இருந்தன. அவற்றுள் ஒன்றின் பெயர், வேறோர் ஆலையின் பெயரும் 'நிலுவை' என்ற சொல்லும் சேர்ந்தது. பழைய வாடிக்கையாளருக்கு எழுதிய நிரலைப் பிரதி எடுத்து, அதே கோப்புறைக்குள்ளேயே புதிய வேலையைத் தொடங்கியிருந்தேன். "அவர்கள் உங்களுக்குக் காசு தர வேண்டுமோ?" என்று ஆலைக்காரர் கேட்டார். ஒருவருடைய கடன் விவரம் இன்னொருவருடைய திரையில் தோன்றுவதற்கு நானே வழிசெய்து கொடுத்திருந்தேன். இரண்டு இடங்களுக்கும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அந்தத் தவறு உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். சி மொழியில் ஓரளவு எழுதத் தெரிந்து, லினக்ஸ் முனையத்தில் கட்டளை தரத் தெரிந்தவர்களுக்கு இது போதும். பள்ளிப் பாடநூலில் 'தொகுப்பான்' என்று படித்ததையே இங்கே எல்லாரும் சொல்வதுபோல் கம்பைலர் என்கிறேன். கட்டளைகளையும், அவற்றோடு சேர்த்துத் தரும் தெரிவுகளான ஃபிளாக்குகளையும் அவற்றின் ஒலிப்பில் தமிழில் தருகிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைக்கோடுகளையும் சமக் குறிகளையும் அப்படியே வைத்துத் தட்டச்சு செய்யுங்கள். மாறிகளின் பெயர்களும் என்டிபக் என்ற பெயரும் மட்டும் முழுக்கப் பேரெழுத்து.

முதலில் கண்ணால் பாருங்கள்

உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் 'வேலை', அதற்குள் 'ஆலை' என்று ஒரு கோப்புறை உருவாக்குங்கள். பயனர் பெயர் 'வாவி' என்று வைத்துக்கொள்வோம். அங்கே எடை.சி என்ற கோப்பில் அஸெர்ட் தலைப்புக் கோப்பை (ஒரு கூற்று பொய்யானால் செய்நிரலை நிறுத்திவிடும் மேக்ரோ அதில் இருக்கிறது) இணைத்து, மெயினுக்குள் ஒரே ஒரு வரி எழுதுங்கள்:

அஸெர்ட்(1 == 2);

இனி ஜிசிசி என்ற கம்பைலரிடம் முழுப் பாதையையும் கொடுத்துத் தொகுங்கள்:

ஜிசிசி -ஜி -ஓ ஆலை /ஹோம்/வாவி/வேலை/ஆலை/எடை.சி

இயக்கினால் செய்நிரல் உடனே நின்றுவிடும். செய்தியில் செய்நிரலின் பெயர், மூலக்கோப்பின் முழுப் பாதை, வரி எண், செயற்கூறின் பெயர், பொய்த்துப்போன கூற்று ஆகியவை இந்த வரிசையில் இருக்கும். எங்கள் ஆலைக்காரர் வாசித்தது இத்தகைய வரியைத்தான்.

இயக்காமலே பார்க்கவும் முடியும். ஸ்ட்ரிங்ஸ் என்ற கருவி, தொகுத்த கோப்புக்குள் வாசிக்கக்கூடிய எழுத்துத் தொடர்களை வெளியே எடுத்துக் காட்டும். அதை, எழுத்துத் தொடரைத் தேடும் கிரெப் என்ற கருவியுடன் குழாய்க் குறியால் இணைத்து 'ஹோம்' என்று தேடுங்கள். ஒரு முறைக்கு மேல் வந்தால் வியப்படைய வேண்டாம். ஒரே பாதை வெவ்வேறு காரணங்களுக்காக வெவ்வேறு இடங்களில் பதியப்படுகிறது.

தமிழில் கோப்புறைப் பெயர் வைப்பவர்கள் இந்த இடத்தில் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். ஸ்ட்ரிங்ஸ் கருவி இயல்பாக ஆங்கில எழுத்துகளைத்தான் எழுத்து என்று கொள்ளும். யூடிஎஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் பல பைட்டுகளாக இருப்பதால், அது பாதையைத் துண்டாடி, '/ஹோம்/' என்ற ஆங்கிலத் துண்டை மட்டும் காட்டிவிட்டு மீதியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஒன்றும் இல்லை என்று நம்பிவிடுவோம். ஆனால் கம்பைலர் தமிழ்ப் பெயரின் பைட்டுகளைப் பத்திரமாக உள்ளே வைத்திருக்கும். ஸ்ட்ரிங்ஸுக்கு '-இ எஸ்' என்ற ஃபிளாக்கைக் கொடுங்கள். இதில் இ சிற்றெழுத்து, எஸ் பேரெழுத்து. அப்போது எட்டு பிட் எழுத்துகளையும் அது காட்டும். இன்னும் எளிது, செய்நிரல் கோப்பின் மீதே கிரெப்பை ஓட்டி 'ஆலை' என்று தமிழிலேயே தேடுவது. பைனரிக் கோப்பில் பொருத்தம் உண்டு என்று பதில் வந்தால், பெயர் உள்ளே இருக்கிறது. தமிழில் பெயர் வைப்பதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை, நானும் வைக்கிறேன். தேடும்போதும் தமிழில் தேடுங்கள் என்கிறேன்.

எப்படி உள்ளே வருகிறது

பெரிய வாசல்கள் இரண்டு.

ஒன்று, மூலநிரலே கேட்டு வாங்குவது. இரண்டு கீழ்க்கோடுகளுக்கும் வேறு இரண்டு கீழ்க்கோடுகளுக்கும் நடுவே பேரெழுத்தில் 'ஃபைல்' என்று எழுதும் மேக்ரோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கம்பைலர் அந்த இடத்தில் கோப்பின் பெயரைச் சரமாக வைத்துவிடும். அஸெர்ட் அதைத்தான் பயன்படுத்துகிறது. பதிவேடு எழுதும் மேக்ரோக்கள் பெரும்பாலும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. சி++20 இல் வந்த சோர்ஸ்-லொகேஷன் தரும் கோப்புப் பெயரும் இதே இனம். நீங்கள் கட்டளையில் கோப்பை எப்படி அழைத்தீர்களோ அப்படியே பதியப்படும் என்பதை மனத்தில் வையுங்கள். எடை.சி என்று மட்டும் கொடுத்தால் எடை.சி, முழுப் பாதையைக் கொடுத்தால் முழுப் பாதை.

மற்றது, பிழைதிருத்தத் தகவல். -ஜி ஃபிளாக் கொடுத்தால் கம்பைலர் டுவார்ஃப் என்ற வடிவத்தில் ஒரு பெரிய குறிப்பேட்டைச் செய்நிரலோடு சேர்க்கிறது. எந்த இயந்திரக் கட்டளை எந்தக் கோப்பின் எந்த வரியிலிருந்து வந்தது என்பது அதில் இருக்கும். அதோடு, தொகுத்தபோது நீங்கள் எந்தக் கோப்புறையில் நின்றீர்கள் என்பதும் முழுப் பாதையாக இருக்கும். எடை.சி என்று சுருக்கமாகக் கொடுத்தாலும் இது முழுமையாகவே பதியும். ஜிடிபி போன்ற பிழைதிருத்தி மூலக்கோப்பைக் கண்டுபிடிப்பது இதை வைத்துத்தான். ஆகவே இது குறைபாடு அல்ல. நம் மேசையில் தேவையான தகவல், வாடிக்கையாளரின் கையில் தேவையற்றது.

'ஸ்ட்ரிப் கட்டளையை ஓட்டிவிட்டால் எல்லாம் போய்விடும்' என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பாதிதான் உண்மை. ஸ்ட்ரிப் இரண்டாவது வாசலால் வந்ததை, அதாவது டுவார்ஃப் தகவலை, அகற்றும். மேக்ரோவால் வந்த சரம் உங்கள் செய்நிரலின் தரவுப் பகுதியில் இருக்கிறது. "எடையை உள்ளிடுக" என்ற சரம் எப்படி இருக்கிறதோ அப்படி. ஸ்ட்ரிப் அதைத் தொடாது. என் ஆலைச் செய்நிரலும் ஸ்ட்ரிப் செய்யப்பட்டதுதான்.

என்டிபக் என்ற பெயரை வரையறுத்து அஸெர்ட்டையே எடுத்துவிடலாம் என்பார்கள். எடையும் பணமும் கணக்கிடும் செய்நிரலில் அதை நான் செய்வதில்லை. தவறான கணக்கோடு ஓடிக்கொண்டிருப்பதைவிட நின்றுவிடுவது விவசாயிக்கு நல்லது.

முன்பகுதியை மாற்றும் ஃபிளாக்

தீர்வு ஒரே ஃபிளாக்கில் இருக்கிறது:

-எஃப்ஃபைல்-பிரிஃபிக்ஸ்-மேப்=பழையது=புதியது

ஆங்கிலத்தில் எழுதும்போது தொடக்கத்தில் எஃப் என்ற எழுத்து இரண்டு முறை அடுத்தடுத்து வரும். முதலாவது ஃபிளாக்குக்கு உரியது, இரண்டாவது 'ஃபைல்' என்ற சொல்லின் முதலெழுத்து. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

வேலை எளிமையானது. பாதை ஒன்றைப் பதியப் போகும்போது, அது 'பழையது' என்ற தொடரில் தொடங்குகிறதா என்று கம்பைலர் பார்க்கும். தொடங்கினால் அந்த முன்பகுதியை எடுத்துவிட்டுப் 'புதியது' என்பதை வைக்கும். மீதியை அப்படியே விடும். மேக்ரோ, டுவார்ஃப் இரண்டுக்கும் இது பொருந்தும். நம் எடுத்துக்காட்டில்:

ஜிசிசி -ஜி -எஃப்ஃபைல்-பிரிஃபிக்ஸ்-மேப்=/ஹோம்/வாவி/வேலை/ஆலை=/ஆலை -ஓ ஆலை /ஹோம்/வாவி/வேலை/ஆலை/எடை.சி

இப்போது இயக்கினால் செய்தியில் '/ஆலை/எடை.சி' என்று மட்டும் வரும். வரி எண் இருக்கும், கோப்பின் பெயர் இருக்கும், நான் யார் என்பதும் எங்கே வேலை செய்கிறேன் என்பதும் இருக்காது. வாடிக்கையாளர் தொலைபேசியில் வாசித்தால் எனக்குத் தேவையான அனைத்தும் கிடைக்கும்.

புதிய முன்பகுதியாக வெறும் புள்ளி வைப்பவர்கள் உண்டு. செல்லும். நான் செய்நிரலின் பெயரை வைக்கிறேன், ஏனென்றால் ஒரே ஆலையில் என் செய்நிரல்கள் மூன்று ஓடினால் எது விழுந்தது என்பது பாதையிலேயே தெரிந்துவிடும். பிழைதிருத்தியிலும் இது கைகொடுக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஃபிளாக் ஜிசிசியில் 8 ஆம் பதிப்பில், 2018 இல் வந்தது. கிளாங் என்ற மற்றொரு கம்பைலரில் 10 ஆம் பதிப்பில், 2020 இல் வந்தது. பழைய கணினிக் கூடங்களில் உபுண்டு 18.04 இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதில் இயல்பாக இருப்பது ஜிசிசி 7. ஃபிளாக்கைத் தெரியாது என்று சொல்லிவிடும். அங்கே -எஃப்டிபக்-பிரிஃபிக்ஸ்-மேப் என்ற மூத்த ஃபிளாக் உண்டு. அது டுவார்ஃபை மட்டும் மாற்றும். மேக்ரோவுக்கு, கோப்புறைக்குள் நின்று எடை.சி என்று சுருக்கமாகக் கொடுத்துத் தொகுப்பதே வழி. மேக்ரோவை மட்டும் மாற்ற -எஃப்மேக்ரோ-பிரிஃபிக்ஸ்-மேப் என்று ஒன்றும் இருக்கிறது; புதியவர்களுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

ஒவ்வொரு முறையும் கையால் எழுத முடியாது. மேக்ஃபைல் வைத்திருந்தால், சிஃபிளாக்ஸ் மாறியில் இந்த ஃபிளாக்கைச் சேர்த்து, பழைய முன்பகுதியாக டாலர் குறியும் அடைப்புக்குறிக்குள் கர்டிர் என்ற பெயரும் கொடுங்கள். மேக் தான் நிற்கும் கோப்புறையை அங்கே நிரப்பிக்கொள்ளும். அப்போது உங்கள் பாதை மேக்ஃபைலில்கூட இருக்காது. நிரலைப் பகிர்ந்தாலும் கவலை இல்லை. சிமேக் என்றால் ஆட்-கம்பைல்-ஆப்ஷன்ஸ் கட்டளையில் சிமேக்-சோர்ஸ்-டிர் மாறியைப் பழையதாகக் கொடுக்க வேண்டும். இந்தப் பெயர்களில் நான் இடைக்கோடு இட்ட இடங்களில் உண்மையில் கீழ்க்கோடு வரும். சிமேக் பயன்படுத்துபவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. அது மூலக்கோப்புகளைப் பெரும்பாலும் முழுப் பாதையோடுதான் கம்பைலரிடம் கொடுக்கிறது. தொகுப்புக் கோப்புறையை மூலக் கோப்புறைக்கு வெளியே வைத்திருந்தால் சிமேக்-பைனரி-டிர் மாறிக்கும் தனியாக ஒரு ஃபிளாக் வேண்டும்.

மண்முனைச் சிக்கலும் வேறு சிலவும்

மட்டக்களப்பு மாவட்டத்தில் மண்முனை வடக்கு, மண்முனை மேற்கு, மண்முனை தென்மேற்கு, மண்முனைப்பற்று, மண்முனை தென் எருவில்பற்று என்று ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. எல்லாமே ஒரே சொல்லில் தொடங்குகின்றன. கடித உறையில் 'மண்முனை' என்று மட்டும் எழுதினால் தபால்காரர் என்ன செய்வார்? ஜிசிசியின் முன்பகுதிப் பொருத்தத்திலும் இதே சிக்கல் உண்டு. அது எழுத்துத் தொடரை மட்டும் ஒப்பிடுகிறது. கோப்புறைப் பெயர் எங்கே முடிகிறது என்று பார்ப்பதில்லை.

'மண்முனை' என்ற கோப்புறையை '/ம' என்று மாற்றச் சொல்லியிருக்கிறீர்கள். பக்கத்தில் 'மண்முனை-வடக்கு' என்று இன்னொரு கோப்புறை. அதிலிருந்து ஒரு தலைப்புக் கோப்பை இணைக்கிறீர்கள். அதன் பாதை '/ம-வடக்கு' என்று உருமாறிப் பதியும். யாருடைய கணினியிலும் இல்லாத கோப்புறை அது. பிழைதிருத்தி அதைத் தேடி அலையும்.

அப்படியானால் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டுவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அது வேறொரு குழியில் தள்ளும். தொகுத்தபோது நின்ற கோப்புறையை டுவார்ஃப் பதியும்போது கடைசிச் சாய்கோடு இல்லாமல்தான் பதிகிறது. 'பழையது' சாய்கோட்டில் முடிந்தால் அந்தப் பதிவோடு பொருந்தாது. மற்றப் பாதைகள் எல்லாம் மாற, அந்த ஒன்று மட்டும் உங்கள் பெயரோடு உள்ளே தங்கிவிடும். ஒரு மாலை முழுவதையும் இதில் தொலைத்திருக்கிறேன். சாய்கோடு இல்லாமல் எழுதுங்கள்; ஒன்றுக்கொன்று முன்பகுதியாக அமையும் பெயர்களைப் பக்கத்துப் பக்கத்துக் கோப்புறைகளுக்கு வைக்காதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் 'மண்முனை-வடக்கு' கோப்புறைக்குத் தனி ஃபிளாக் ஒன்றை, மற்றதற்குப் பின்னால் எழுதுங்கள். பல ஃபிளாக்குகள் பொருந்தும்போது ஜிசிசி கடைசியாக எழுதியதையே எடுத்துக்கொள்ளும். ஆகவே பொதுவானது முன்னால், குறிப்பானது பின்னால்.

குறியீட்டு இணைப்பு வழியாகக் கோப்புறைக்குள் நுழைபவர்களுக்கு இன்னொன்று. வட்டில் இருக்கும் உண்மையான பாதை ஒன்று, நீங்கள் நுழைந்த பெயர் வேறொன்று. ஜிசிசி பெரும்பாலும் முனையம் சொல்லும் பெயரையே எடுத்துக்கொள்கிறது. சிமேக் போன்ற கருவிகள் உண்மையான பாதையைக் கொடுத்துவிடலாம். ஐயம் இருந்தால் இரண்டுக்கும் ஃபிளாக் எழுதிவிடுங்கள். பொருந்தாத ஃபிளாக்கால் எந்தத் தீங்கும் இல்லை.

சில செய்நிரல்கள் 'எந்த ஃபிளாக்குகளோடு தொகுக்கப்பட்டேன்' என்பதையே சரமாக உள்ளே வைத்துக்கொள்ளும்; பதிப்பு விவரம் கேட்டால் காட்டும். பாதையை மறைக்க எழுதிய ஃபிளாக்கே பாதையைச் சுமந்து உள்ளே போய்விடும். ஜிசிசி தன் டுவார்ஃப் பதிவில் ஃபிளாக்குகளைக் குறிக்கும்போது இந்த மேப் ஃபிளாக்குகளை விட்டுவிடுகிறது. ஆனால் உங்கள் சொந்த நிரல் அப்படி எழுதினால் அதை யாரும் தடுக்க மாட்டார்கள். நீங்கள்தான் வடிகட்ட வேண்டும்.

பிறர் தொகுத்துத் தந்த நூலகக் கோப்புகளை இணைக்கும்போது, உங்களுக்குத் தெரியாத ஒருவருடைய பயனர் பெயர் உங்கள் செய்நிரலில் தோன்றலாம். உங்கள் ஃபிளாக்குகள் ஏற்கெனவே தொகுக்கப்பட்டதை மாற்றாது. மூலநிரல் கிடைத்தால் நீங்களே மறுபடி தொகுங்கள். ஒருவருடைய பெயரை அவர் அறியாமல் நூறு கணினிகளுக்குக் கொண்டுபோகும் உரிமை நமக்கு இல்லை.

பிழைதிருத்தியோடு சமாதானம்

இத்தனையும் செய்த பிறகு ஜிடிபியைத் திறந்தால், '/ஆலை/எடை.சி' என்ற கோப்பு இல்லை என்று அது சொல்லும். சொல்ல வேண்டும், அப்படி ஒரு கோப்பு உங்கள் கணினியில் இல்லை. மாற்றியதை அதற்குத் திருப்பிச் சொல்லிக்கொடுங்கள்:

செட் சப்ஸ்டிடியூட்-பாத் /ஆலை /ஹோம்/வாவி/வேலை/ஆலை

இதை வீட்டுக் கோப்புறையில் இருக்கும் ஜிடிபியின் தொடக்கக் கோப்பில் எழுதிவிட்டால் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியதில்லை. அந்தக் கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கும், யாருக்கும் போகாது. செய்நிரலின் பெயரையே முன்பகுதியாக வையுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி; ஒன்றோடொன்று குழம்பாது. ஜிடிபி கோப்புறைப் பெயரின் எல்லையைப் பார்த்தே பொருத்துகிறது, ஆதலால் மண்முனைச் சிக்கல் இங்கே இல்லை.

பிற மொழிகளில் எழுதுபவர்களுக்கு

கோ மொழியில் எழுதுபவர்கள் பாக்கியசாலிகள். கோ பில்ட் கட்டளையோடு -டிரிம்பாத் என்று சேர்த்தால் போதும். 2019 இல் வந்த 1.13 பதிப்பிலிருந்து அது இருக்கிறது. உங்கள் பாதைக்குப் பதிலாகத் தொகுதியின் பெயரும் பதிப்பும் பதியும்.

ரஸ்ட் ஏமாற்றும். கார்கோ வழியாகத் தொகுக்கும்போது உங்கள் சொந்தக் கோப்புகள் சுருக்கமான பாதையோடுதான் பதியும். அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடுவோம். ஆனால் இணையத்திலிருந்து இறக்கிய தொகுதிகள் உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் உள்ள கார்கோ கோப்புறையில் இருக்கின்றன. அவற்றின் பிழைச் செய்திகள் முழுப் பாதையைச் சுமக்கும். ரஸ்ட்ஃபிளாக்ஸ் சூழல் மாறியில் --ரீமேப்-பாத்-பிரிஃபிக்ஸ் என்ற ஃபிளாக்கைப் பழையது=புதியது என்ற அதே அமைப்பில் கொடுங்கள். வீட்டுக் கோப்புறை முழுவதையும் 'பழையது' ஆக்கிவிடுவது நல்லது. இங்கும் பல பொருந்தினால் கடைசியாக எழுதியதே செல்லும்.

சி ஷார்ப்பில் திட்டக் கோப்புக்குள் பாத்மேப் என்ற பண்பு இருக்கிறது. விண்டோஸில் விஷுவல் சி++ பயன்படுத்தினால் லிங்கருக்கு /பிடிபிஆல்ட்பாத் என்ற தெரிவைக் கொடுக்க வேண்டும். விண்டோஸில் பிழைதிருத்தத் தகவல் பிடிபி என்ற தனிக் கோப்பில் போவதால் செய்நிரல் சுத்தமாக இருக்கும் என்று நினைப்போம். ஆனால் அந்தப் பிடிபி கோப்பு எங்கே இருந்தது என்ற முழுப் பாதையும் செய்நிரலுக்குள் ஒரு வரியாகத் தங்கிவிடும்.

அந்த ஒரு வரி எவ்வளவு பேச வைக்கும் என்பதற்கு ஸ்டக்ஸ்நெட் சான்று. 2010 இல் வெளிச்சத்துக்கு வந்த அந்தத் தீநிரலின் ஒரு பகுதியில், மிர்டஸ் என்ற கோப்புறையும் குவாவா என்ற பிடிபி கோப்பும் கொண்ட ஒரு பாதை எஞ்சியிருந்தது. குவாவா என்றால் நம் வளவுகளில் நிற்கும் கொய்யாதான்; கொய்யா மிர்டஸ் குடும்பத்து மரம். அந்த இரண்டு பெயர்களை வைத்து, எழுதியவர்கள் யார், எந்த நாடு என்று உலகெங்கும் ஆராய்ந்தார்கள். உலகின் மிகக் கவனமான நிரலாளர்களிடமிருந்தே ஒரு கோப்புறைப் பெயர் நழுவியிருக்கிறது என்றால், அறுவடை நேரத்து அவசரத்தில் தொகுக்கும் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டு இடங்களில் தொகுத்துப் பாருங்கள்

சரியாகச் செய்துவிட்டோம் என்பதை அறிய நான் நம்பும் சோதனை ஒன்று உண்டு. ஒரே மூலநிரலை, பெயரில் எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு கோப்புறைகளில் பிரதி எடுத்துத் தனித்தனியே தொகுங்கள். பின்பு இரண்டு செய்நிரல்களுக்கும் ஷா256சம் கட்டளையை ஓட்டுங்கள். 64 இலக்கங்களும் ஒன்றாக இருந்தால் கோப்புறையின் பெயர் எந்த வடிவிலும் உள்ளே போகவில்லை. வேறுபட்டால் எங்கோ கசிகிறது.

இந்தச் சோதனையை எனக்குப் பழக்கியவர் அக்கரைப்பற்றில் இருக்கும், நான் காக்கா என்று அழைக்கும் மூத்த நிரலாளர். அவர் அங்கே தொகுப்பார், நான் கல்லடியில் தொகுப்பேன். தொலைபேசியில் முதல் எட்டு இலக்கங்களை வாசித்து ஒப்பிடுவோம். கம்பைலரின் பதிப்பும் நூலகங்களின் பதிப்பும் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்காக இருவரும், அவை எல்லாம் அடங்கிய ஆயத்தச் சூழலான ஒரே கொள்கலன் படிமத்தைப் பயன்படுத்துகிறோம். முதல் முறை ஒப்பிட்டபோது எண்கள் வேறுபட்டன. "தம்பி, உங்கட பாதை இன்னும் உள்ளுக்குக் கிடக்குது" என்றார். சாய்கோட்டுக் குழியை நான் கண்டுபிடித்தது அன்றுதான்.

வேறுபாடு எங்கே என்று தெரியாவிட்டால் டிஃபோஸ்கோப் என்ற கருவியிடம் இரண்டு கோப்புகளையும் கொடுங்கள். எந்தப் பகுதியில் எந்தச் சரம் வேறுபடுகிறது என்று பிரித்துக் காட்டும். பாதை ஒன்றாகிவிட்ட பிறகும் எண்கள் வேறுபட்டால், தொகுத்த நாளையும் நேரத்தையும் பதியும் மேக்ரோக்கள் நிரலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அகற்றுங்கள், அல்லது சோர்ஸ்-டேட்-எபோக் என்ற சூழல் மாறியில் ஒரு நிலையான நேரத்தைக் கொடுங்கள். ஜிசிசி 7 ஆம் பதிப்பிலிருந்து அதை மதிக்கிறது. இந்தப் பெயரிலும் உண்மையில் கீழ்க்கோடுகள், எல்லாம் பேரெழுத்து.

டெபியன் திட்டத்தில் 2013 அளவில் தொடங்கிய 'மீளத்தகு தொகுப்பு' முயற்சி இதே சோதனையைத்தான் ஆயிரக்கணக்கான செய்நிரல்களுக்குச் செய்துவருகிறது. அங்கே நோக்கம் பெயரை மறைப்பது மட்டுமல்ல. மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தொகுத்து, தனக்குத் தரப்பட்ட செய்நிரல் அதிலிருந்துதான் வந்தது, நடுவில் யாரும் எதையும் சேர்க்கவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். தொகுத்தவரின் கோப்புறைப் பெயர் உள்ளே இருந்தால் இரண்டு பேருடைய எண்கள் ஒருபோதும் ஒன்றாகாது. நம் ஊர்ச் செய்நிரல்களுக்கும் இது பொருந்தும். ஓர் ஆலை முதலாளி பின்னாளில் வேறு நிரலாளரிடம் போனால், நான் ஒப்படைத்த மூலநிரலை அவர் தொகுத்து, ஆலையில் ஓடுவது அதேதான் என்று காட்ட முடியும். எடைக் கணக்கில் ஐயம் எழும்போது அந்த எண் ஒரு சாட்சி.

இப்போது ஒவ்வொரு செய்நிரலையும் ஒப்படைக்கும் முன், கிரெப்பில் என் பயனர் பெயரையும் மற்ற வாடிக்கையாளர்கள் அனைவரின் பெயர்களையும் தேடும் ஒரு சிறு கட்டளைக் கோப்பை ஓட்டுகிறேன். ஏதாவது ஒன்று கிடைத்தால் அது செய்நிரலை யூஎஸ்பிக்குப் பிரதி எடுக்க விடாது. வேறோர் ஆலையின் பெயர் வந்த அந்தச் செய்நிரலை மறுநாளே புதிதாகத் தொகுத்து, கல்லடிப் பாலத்தைக் கடந்து கொண்டுபோய்ப் பொருத்தினேன். அதற்குப் பிறகு அது இன்னொரு முறை நின்றது. அளவுக் கருவியின் கம்பி கழன்றிருந்தது. ஆலைக்காரர் வாசித்த வரியில் பாதை '/ஆலை/எடை.சி' என்று மட்டும் இருந்தது.